டீச்சர் சொன்ன "வேண்டாம்" பின்னாடி பெஞ்சுக்கு கேக்கல: ஒரு குரல் கேஸ்

இந்த கேஸ எழுதலாமானு டீச்சர்கிட்டயே கேட்டேன், "தாராளமா எழுதும்மா, ஊர் பேரும் ஸ்கூல் பேரும் மட்டும் போடாத, எங்க ஹெச்செம் எல்லாத்தயும் படிப்பாரு"னு சொல்லிட்டாங்க. அதனால டீச்சர்னே வச்சுக்குவோம். வயசு 43, தமிழ் டீச்சர், 8, 9, 10 மூணு வகுப்பும் எடுக்கறாங்க, 18 வருஷ சர்வீஸ். நான் ஸ்பீச் தெரபிஸ்ட், ஈ.என்.டி. டாக்டர் சீட்டு எழுதி அனுப்பி என்கிட்ட வந்தாங்க, ஆகஸ்ட் மாசம்.

வந்ததும் அவங்க கேட்ட முதல் விஷயம், இன்னும் சத்தமா பேசறதுக்கு ஒரு எக்சர்சைஸ். "பின்னாடி பெஞ்சுக்கு கேக்க மாட்டேங்குதும்மா. நானும் கத்தித்தான் பாக்கறேன்." இத சொல்றப்பவே குரல் கரகரனு, நடுநடுவுல காத்து மட்டும் வருது. திங்கக்கிழமை காலைல குரல் இருக்கும், புதன் மத்தியானம் பாதி போயிடும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட ஃபோன்ல பேசினா "யாருங்க?"னு கேக்கறாரு, ஞாயித்துக்கிழமை ரெஸ்ட்ல கொஞ்சம் திரும்பும், திங்கக்கிழமை மறுபடி முதல்லேர்ந்து. இப்படி 8 மாசம் ஓடியிருக்கு. ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன், குரல் கம்மி ரெண்டு மூணு வாரத்துக்கு மேல போச்சுன்னா எக்சர்சைஸ் வீடியோ தேடாம முதல்ல ஈ.என்.டி.கிட்ட போய் ஸ்கோப் குழாய் விட்டு பாத்துடணும், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவங்கன்னா இன்னும் சீக்கிரம். கரகரப்புக்கு காரணம் நிறைய இருக்கு, அதுல சிலது விளையாட்டு இல்ல.

இவங்களுக்கு ஸ்கோப்ல தெரிஞ்சது முடிச்சு. தொண்டைக்குள்ள அதிர்ந்து சத்தம் குடுக்கற ரெண்டு மடிப்பு இருக்குல்ல, அதான் குரல்நாண், அது ரெண்டுலயும், முன்பக்கத்துலேர்ந்து மூணுல ஒரு பங்கு தள்ளி, எதிரெதிரா ரெண்டு சின்ன தடிப்பு. முடிச்சு எப்பவும் அங்கதான் வரும், ஏன்னா நாண்கள் அதிரும்போது ஒண்ணோட ஒண்ணு ரொம்ப வேகமா மோதுற இடம் அது. மண்வெட்டி பிடிச்சா உள்ளங்கைல காய்ப்பு காய்க்குதுல்ல, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். ஆபரேஷனானு பயந்துதான் வந்தாங்க, ஆனா முடிச்சுக்கு முதல் வைத்தியம் குரல் பயிற்சிதான், டாக்டரும் அதத்தான் எழுதியிருந்தாரு. வெட்டி எடுத்தாலும் பேசற விதம் மாறலன்னா திரும்ப வர வாய்ப்பு இருக்கு.

எவ்வளவு மோதுதுனு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். பொம்பளைங்க சாதாரணமா பேசறப்ப குரல்நாண் செகண்டுக்கு சுமார் 200 தடவ மோதும், ஆம்பளைங்களுக்கு 100லேர்ந்து 125. நாண் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் பக்கம், அவ்வளவுதான். இவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 பீரியட், பீரியடுக்கு 40 நிமிஷம், மொத்தம் 200 நிமிஷம். அதுல பாதி நேரம்தான் குரல் ஒலிக்குதுனு வச்சாலும் 100 நிமிஷம், நிமிஷத்துக்கு 12,000, ஆக 12 லட்சம் மோதல். வீட்டுல பேசறது, ஸ்டாஃப் ரூம் அரட்டை எல்லாம் தனி. டீச்சர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் "12 லட்சத்துக்கு சம்பளம் பத்தலயேம்மா"ன்னாங்க.

அதுவரைக்கும் என்னென்ன பண்ணியிருக்காங்கனு கேட்டேன். பனங்கற்கண்டு மிளகு பால், அதிமதுரம், சித்தரத்தை, தேன்ல இஞ்சி, அஞ்சாறு வகை மிட்டாய் மாத்திரை. நான் இத எதையும் திட்ட மாட்டேன், தொண்டைக்கு இதமா இருக்கும், என் வீட்டுலயும் உண்டு. ஆனா முழுங்கற எதுவும் குரல்நாண் மேல படறதில்ல, அது மூச்சுக்குழாய் வாசல்ல இருக்கு, தப்பித்தவறி ஒரு சொட்டு பட்டாலே புரையேறிடும். தண்ணி குடிச்சாலும் ரத்தம் வழியா உடம்பு பூரா போய்த்தான் அங்க ஈரம் சேரும், அதனாலதான் க்ளாஸுக்கு நடுவுல ஒரே மடக்கா குடிக்காம காலைலேர்ந்தே குடிச்சுக்கிட்டு வரணும்னு சொல்றது. இன்னும் ரெண்டு பழக்கம் இருந்துச்சு. ஒண்ணு, நிமிஷத்துக்கு ஒருதரம் தொண்டைய "க்ஹும்"னு கனைக்கறது, அது ரெண்டு நாணையும் வச்சு அறையற மாதிரி. ரெண்டாவது, குரலுக்கு ரெஸ்ட்னு நினைச்சு வீட்டுல குசுகுசுனு பேசறது. குசுகுசுப்பு நிறைய பேருக்கு ரெஸ்டே கிடையாது, தொண்டைய இறுக்கிப் பிடிச்சுத்தான் அந்த சத்தம் வருது. கனைப்பு வர்றப்ப எச்சில் முழுங்குங்க, இல்ல ஒரு வாய் தண்ணி, வீட்டுல மெல்லிய குரல்ல சாதாரணமா பேசுங்கனு சொல்லி அத அதோட விட்டேன்.

அளந்து பாத்தது: ஒரே மூச்சுல "ஆ" இழுக்கச் சொன்னா 7 செகண்ட். இந்த வயசு பொம்பளைங்களுக்கு 15 செகண்டாவது வரணும், 10க்கு கீழ போனாலே நாங்க நிமிந்து உக்காருவோம். "ஸ்ஸ்"னு காத்த மட்டும் இழுத்தா 13 செகண்ட் வருது, அப்போ நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, குரல் சேந்தா மட்டும்தான் கசியுது. வழக்கமா இதுக்கு ஸ், இஸட் ரெண்டையும் இழுக்கச் சொல்லி ஒப்பிடுவாங்க, நம்மூர்ல பெரிய அக்கப்போர் அது, இஸட் சொல்லுங்கன்னா "ஜ"னு வரும், நான் இப்பல்லாம் தேனீ ரீங்காரம் பண்ணுங்கனு கேட்டு சமாளிக்கறேன். குரலால அன்றாடம் எவ்வளவு சிரமம்னு கேக்கற 10 கேள்வி ஃபார்ம் ஒண்ணு இருக்கு, 40க்கு மார்க், 11க்கு மேல போனா கவனிக்கணும். இவங்களுக்கு 26.

இவ்வளவும் எந்த டீச்சருக்கும் வர்ற கேஸ்தான். விஷயம் திரும்பினது நோட்டு கதைல.

ரெண்டாவது தடவ வந்தப்ப ஒரே கோபம். முந்தின நாள் 9ஆம் வகுப்புல "நாளைக்கு கட்டுரை நோட்டு கொண்டு வர வேண்டாம்"னு சொல்லியிருக்காங்க. மறுநாள் பாத்தா பின்னாடி பாதி வகுப்பு நோட்ட தூக்கிட்டு வந்திருக்கு, முன்னாடி ரெண்டு வரிசை கொண்டு வரல. "காதே இல்லம்மா இந்தப் புள்ளைங்களுக்கு." நான், டீச்சர், அடுத்த க்ளாஸ ஃபோன்ல ரெகார்ட் பண்ணுங்க, ஆனா ஃபோன உங்க மேசைல வைக்காம கடைசி பெஞ்சுல வைங்கன்னேன். 20 நிமிஷம் பண்ணிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் உக்காந்து கேட்டோம்.

சத்தம் பத்தாம இல்ல, ஆரம்பம் எல்லாம் இடி மாதிரி கேக்குது. "நாளைக்கு எல்லாரும் வர்றப்போ" வரைக்கும் தெளிவு, அதுக்கப்புறம் மூச்சு கரைஞ்சு, கடைசி சொல் கரகரப்புல முங்கிப் போகுது. ஒரு வாக்கியம் ரெண்டு வாக்கியம்னு இல்ல, ஏறக்குறைய எல்லாமே அப்படி. இங்கதான் தமிழோட ஒரு சிக்கல் இருக்கு. நம்ம பாஷைல வினை கடைசிலதான் வரும், ஆமாவா இல்லையாங்கறதும் கடைசிலதான் வரும். வரணுமா வர வேண்டாமா, படிச்சானா படிக்கலயா, சரியா தப்பா, எல்லாம் வால்ல இருக்கு. வால் முங்கிச்சுன்னா கேக்கறவன் மீதிய யூகிக்கணும், 9ஆம் வகுப்பு பையன் யூகிச்சா நோட்டு வந்துடும். டீச்சரும் "கேக்கல டீச்சர்"ங்கற மூஞ்சிகளப் பாத்துட்டு அடுத்த வாக்கியத்த இன்னும் ஓங்கி ஆரம்பிக்கறாங்க, ஓங்கி ஆரம்பிக்கறதால மூச்சு இன்னும் சீக்கிரம் காலியாகுது, வால் இன்னும் முங்குது. 8 மாசமா இந்த சுத்துதான். முடிச்சும் இந்த சுத்துல வளந்ததுதான்னு என் கணிப்பு.

அதனால "இன்னும் சத்தமா"ங்கறத நிறுத்தி வச்சுட்டு, மோதல கொறைக்கறது ஒண்ணு, வாலைக் காப்பாத்தறது ஒண்ணுனு ரெண்டு வேலை எடுத்தோம்.

முதல் வேலைக்கு ஸ்ட்ரா. டம்ளர்ல பாதி தண்ணி, ஸ்ட்ரா நுனி தண்ணிக்குள்ள 2 சென்டிமீட்டர், உதட்ட நல்லா மூடிக்கிட்டு ஸ்ட்ரா வழியா "ஊ"னு குரல் குடுக்கணும், குமிழி ஒரே சீரா வரணும், அவ்வளவுதான். டீச்சர் என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "மூணாங்கிளாஸ் புள்ளைங்க ஜூஸ்ல பண்றதும்மா இது. எங்கப்பா நாடகத்துல இருந்தாரு, கழுத்தளவு ஆத்துத் தண்ணில நின்னு விடியக்காலைல கத்திப் பழகினாராம்." நாடக மேடைல மைக் இல்லாத காலம், கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் மாதிரி ஆளுங்க கடைசி ஆள் வரைக்கும் எட்டப் பாடினாங்கங்கறது உண்மை. ஆனா வெண்கலக் குரல்னு நாம சொல்றது ஓங்கிக் கத்தறதால வர்றதில்ல. மனுஷக் காது 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ரொம்ப கூர்மை, பழகின குரல்ல அந்தப் பக்கம் ஒரு மணியோசை மாதிரி கூடுதலா நிக்கும், கொஞ்ச சக்தில தூரமா கேக்கும். தொண்டைய இறுக்கினா அது வராது.

ஸ்ட்ரா என்ன பண்ணுதுன்னா, வாய் வாசல சின்னதாக்கிடுது. வெளிய போற காத்து அங்க தடைபட்டு கொஞ்சம் பிரஷர் திரும்பி நாண்களுக்கு மேல நிக்கும், அந்த பிரஷர் ரெண்டு நாணையும் லேசா விலக்கிப் பிடிக்குது, அதனால அதிரும் ஆனா அறையாது. கம்மி மூச்சுல குரல் கிளம்பும். 1960கள்ல ஃபின்லாந்துல சோவியார்வினு ஒருத்தர் கண்ணாடிக் குழாய தண்ணில விட்டு இத பண்ண வச்சாரு, அப்புறம் அதே நாட்டுல சிலிக்கோன் குழாயும் பாட்டிலுமா இன்னொரு முறை வந்துச்சு, அமெரிக்கால இங்கோ டிட்ஸானு குரல் விஞ்ஞானி மெல்லிய ஸ்ட்ராவுக்கு கணக்கெல்லாம் போட்டு உலகம் பூரா பரப்பினாரு. நம்மூர்ல 2019 ஜனவரிலேர்ந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு தடை, பேப்பர் ஸ்ட்ரா ரெண்டு நிமிஷத்துல நமத்துப் போயிடுது. பப்பாளித் தண்டு பண்ணலாமானு டீச்சர் கேட்டாங்க, நல்ல யோசனைதான், ஆனா அதுல பால் இருக்கும், வாய் பொத்துப் போயிடும். கடைசில ஒரு ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கினாங்க.

தப்பு வர்ற இடங்கள சொல்லிடறேன், ஏன்னா முதல் வாரம் அவங்க எல்லாத்தயும் பண்ணாங்க. குரல் குடுக்காம வெறும் காத்த ஊதறது, அது பலூன் ஊதற மாதிரி, பிரயோஜனமில்ல. தண்ணி தெறிக்கற அளவுக்கு ஊதறது. டம்ளருக்காக குனிஞ்சு கழுத்த நீட்டறது, டம்ளரத்தான் வாய்க்கு தூக்கணும். காத்து மூக்கு வழியா நழுவறது, நடுவுல மூக்க ரெண்டு விரலால பிடிச்சுப் பாருங்க, சத்தம் மாறினா நழுவுதுனு அர்த்தம். ஒரே ஸ்தாயில நல்லா வந்த பிறகு கீழேர்ந்து மேல, மேலேர்ந்து கீழ சைரன் மாதிரி ஏத்தி இறக்கறது, அப்புறம் தாலாட்டு ராகத்த ஸ்ட்ராக்குள்ளயே பாடறது, கடைசில பாடத்துல ஒரு பத்திய, வார்த்தை இல்லாம அதோட ஏத்த இறக்கத்த மட்டும் ஸ்ட்ராவுல "படிக்கறது". ஒரே தடவையா அரை மணி பண்ணக் கூடாது, 3 நிமிஷம், ஒரு நாளைக்கு 5 தடவ, அதுல ஒண்ணு முதல் பீரியடுக்கு முன்னாடி, ஒண்ணு ஸ்கூல் விட்டதும்.

இதோட ஜோசஃப் ஸ்டெம்பிள்னு அமெரிக்க தெரபிஸ்ட் வகுத்த 4 பயிற்சியும் குடுத்தேன். மூக்கோரமா மெல்லிய "ஈ" இழுக்கறது, கீழேர்ந்து மேல வழுக்கறது, மேலேர்ந்து கீழ வழுக்கறது, அப்புறம் அஞ்சு ஸ்வரம் ஒவ்வொண்ணா முடிஞ்ச வரைக்கும் நீட்டறது, நான் ஸரிகமபனே வச்சுக்கிட்டேன். ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ, காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். எல்லாமே முடிஞ்ச அளவு மெதுவா, ஆனா காத்து கலக்காம. "பலத்துக்கு வந்தா மெதுவா மெதுவாங்கறியேம்மா"னு ஒவ்வொரு தடவயும் ஒரு புலம்பல். மெதுவா வர்ற குரல்தான் கஷ்டம், தடிப்பு இருக்கற நாண் மெதுவா ஒலிக்காது, சட்டுனு நின்னுடும், ஓங்கினாத்தான் ஓடும். அதனால மெல்லிய குரல் எத்தனை செகண்ட் நிக்குதுங்கறதே ஒரு மீட்டர்.

அடுத்தது "ம்". உதடு மூடி முணுமுணுத்தா உதட்டுலயும் மூக்குத் தண்டுலயும் குறுகுறுனு ஒரு அதிர்வு தெரியணும், தொண்டைல எதுவும் தெரியக் கூடாது. இங்க எனக்கு அதிர்ஷ்டம், பேஷண்ட் தமிழ் டீச்சர். இங்கிலீஷ்காரங்களுக்கு ம, ன, ங தவிர பெருசா கைல ஒண்ணும் இருக்காது, நமக்கு மெல்லினம்னு ஆறு எழுத்து வரிசையா நிக்குது. "மெல்லினம் மூக்குனு நானே 18 வருஷமா நடத்தறேன்ல"னு அவங்களே பிடிச்சுக்கிட்டு, மாமா, மணம், நாமும், மீனும் மானும்னு ஆரம்பிச்சு, அப்புறம் வருகைப் பதிவேட எடுத்துட்டாங்க. மீனா, மணி, நந்தினினு மெல்லினத்துல தொடங்கற பேரையெல்லாம் அந்த குறுகுறுப்போட கூப்பிடறது, அதே இடத்துலேர்ந்தே கதிரு, பாண்டினு மத்த பேருக்கும் போறது. தினமும் எப்படியும் பேர் கூப்பிட்டாகணும், பயிற்சிக்குனு தனி நேரம் எடுக்கல. இது என் யோசனை கிடையாது, இப்ப எல்லா டீச்சர் பேஷண்டுக்கும் இத சொல்றேன்.

ரெண்டாவது வேலை, வால். வயித்து மூச்சு, வயித்து மூச்சுனு ஊரெல்லாம் ஒரு மந்திரம் ஓடுது, தரைல படுத்து வயித்துல புத்தகம் வச்சு தூக்கறது. தோள் தூக்கி மூச்சு வாங்கறவங்களுக்கு ஒரு நாள் காட்டலாம், தப்பில்ல, ஆனா படுத்துக்கிட்டு யாரும் பாடம் நடத்தறதில்ல. இவங்க பிரச்சனை மூச்சு எங்கேர்ந்து வருதுங்கறத விட எப்ப எடுக்கறாங்கங்கறது. ஒரே மூச்சுல மூணு வாக்கியம் ஓட்டுறாங்க. "டீச்சர், செய்யுள சீர் பிரிச்சு நடத்தறீங்கல்ல, உங்க பேச்சையும் பிரிங்க"ன்னேன். அந்த வாரம் பூரா பாடக்குறிப்புல பென்சில் கோடு போட்டுக்கிட்டு வந்தாங்க. சட்டம் ஒண்ணே ஒண்ணு: கடைசி சொல்லுக்கு முன்னாடி ஒரு நிறுத்தம், தேவைப்பட்டா ஒரு குட்டி மூச்சு. "நாளைக்கு கட்டுரை நோட்டு கொண்டு" நிறுத்தம், "வர வேண்டாம்". முதல்ல மேடைப் பேச்சு மாதிரி செயற்கையா இருக்குனு கூச்சப்பட்டாங்க. ரெகார்டிங் கேட்டப்ப அவங்களுக்கே செயற்கையா தெரியல.

அப்புறம் ஒரு பரீட்சை கண்டுபிடிச்சாங்க. கடைசி பெஞ்சு 6 பசங்க, 10 வாக்கியம் டிக்டேஷன், பாதி "உண்டு", பாதி "இல்லை". முதல் தடவ பழைய பாணில வேணும்னே படிச்சு 4 பேர் ஆளுக்கு மூணு இடத்துல மாத்தி எழுதினாங்க. கோடு போட்டுப் படிச்சப்ப 6 பேருக்கும் சேத்து ஒரே ஒரு தப்பு, அவனும் ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்தவன்.

வகுப்பறைய விட்டுட்டு தொண்டைய மட்டும் பாத்தா இந்த கேஸ் ஓடியிருக்காது. 52 பிள்ளைங்க, 3 ஃபேன், அதுல ஒண்ணு கடகடனு ஆடுது. சுத்தி இரைச்சல் இருந்தா மனுஷன் தன்னையறியாம குரல ஏத்துவான், 1911லயே லம்பார்டுனு ஒரு ஃபிரெஞ்சு டாக்டர் எழுதி வச்சுட்டாரு, "ஏத்தாதீங்க"னு சொல்லி நிறுத்த முடியாது, இரைச்சலத்தான் கொறைக்கணும். ஒரு பையனோட அப்பா எலக்ட்ரீஷியன், வந்து ஃபேன சரி பண்ணிட்டுப் போனாரு. போர்டு பக்கமே நிக்காம நடுவுக்கு நடந்து வந்து சொல்றது இன்னொண்ணு, திறந்த வெளில தூரம் பாதியானா 6 டெசிபல் கூடும், அறைக்குள்ள அவ்வளவு வராது, இருந்தாலும் தொண்டைக்கு செலவில்லாம வர்ற லாபம். காலை பிரேயர்ல தமிழ்த்தாய் வாழ்த்த இவங்கதான் உச்சத்துல எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, அத ரெண்டு 10ஆம் வகுப்பு பொண்ணுங்ககிட்ட குடுத்தாச்சு. ராத்திரி 10 மணிக்கு சாப்பிட்டு உடனே படுக்கறது 8 மணிக்கு மாறுச்சு, புளிச்ச ஏப்பம் தொண்டை வரைக்கும் ஏறி வராம இருக்க.

காலாண்டு லீவு முடிஞ்சு அக்டோபர்ல நல்ல முன்னேற்றம், "ஆ" 12 செகண்ட், புதன்கிழமையே போயிட்டு இருந்த குரல் வெள்ளி வரைக்கும் வருது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துடுச்சு. நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு கிரவுண்டுல ரிகர்சல், மைக் இல்ல, ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னு வரிசை கட்ட வச்சு கத்தியிருக்காங்க. மறுநாள் குரல் சுத்தமா இல்ல. ஃபோன் பண்ணினா வெறும் காத்து. "எல்லாம் போச்சும்மா"னு அழுதாங்க.

இதுல தப்பு என்னோடது. அமைதியான ரூம்ல மெல்லிய குரல்லயே 10 வாரம் பழக்கிட்டு, கூப்பிடறதுக்குனு ஒண்ணுமே சொல்லித் தரல. டீச்சர் வேலைல கூப்பாடு இல்லாம இருக்காது, நான் அத தடை பண்ணிட்டு சும்மா இருந்துட்டேன். ரெண்டு நாள் பேச்சக் கொறைச்சு, ஸ்ட்ரா மட்டும், மூணாவது நாள்லேர்ந்து குரல் திரும்புச்சு. அப்புறம் மொட்டை மாடில நின்னு கூப்பிடப் பழகினோம்: "ம்"ல ஆரம்பிச்சு அதே குறுகுறுப்ப விடாம "ம்ம்ஏஏய்"னு நீட்டறது, வயல்ல ஆள் கூப்பிடறாப்புல, உயிரெழுத்த நீட்டறதுதான் தூரம் போகும், வெட்டி வெட்டிக் கத்தினா தொண்டைதான் வெட்டுப்படும். கிரவுண்டுக்கு ஒரு விசில். இடுப்புல மாட்டற மைக் செட் வாங்குங்கனு ஆகஸ்ட்லேர்ந்து சொல்லிட்டு இருந்தேன், "மைக் வச்சா டீச்சருக்கு குரல் போச்சுன்னு புள்ளைங்க சிரிக்கும்"னு மறுத்துட்டே இருந்தாங்க. அழுத அடுத்த வாரம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒண்ணு வாங்கிட்டாங்க, 10ஆம் வகுப்பு சாயங்கால ஸ்பெஷல் க்ளாஸுக்கு மட்டும். யாரும் சிரிக்கல, ஒரு பையன் சாரோட பிறந்தநாளுக்கு பாட்டு பாட கடன் கேட்டானாம்.

அரையாண்டு பரீட்சை சமயம் கடைசி செஷன், மொத்தம் 9 தடவ வந்திருக்காங்க. "ஆ" 15 செகண்ட். ஃபார்ம்ல 26 இருந்தது 9. ஸ்கோப்ல வலது பக்க முடிச்சு தெரியல, இடது பக்கம் லேசா ஒரு தடிப்பு மிச்சம். குரல் முன்ன விட சத்தமா ஆச்சானு கேட்டா, கடைசி பெஞ்சு ஃபோன் ரெகார்டிங்ல ஆரம்பம் முன்ன விட கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு, வால் மட்டும் நிக்குது.

ஸ்டாஃப் ரூம்ல டம்ளரும் ஸ்டீல் ஸ்ட்ராவும் இப்ப ரெண்டாயிடுச்சு, கணக்கு சாரும் ஆரம்பிச்சிருக்காராம், அவருக்கு முடிச்சா வேற ஏதாவதானு பாக்காம ஸ்ட்ரா பிடிக்க வேண்டாம்னு சொல்லி ஈ.என்.டி.கிட்ட அனுப்பச் சொல்லியிருக்கேன். டீச்சருக்கு மார்ச்ல, பொதுத்தேர்வு சூப்பர்விஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இடது பக்கத்துக்கு இன்னொரு ஸ்கோப்.